கோடையில் சுற்றுச்சூழல் ஆய்வு: கைடைப் பிடிப்பதிலிருந்து பாட்டில் கழுவுவது வரை

இளங்கலை படிக்கும்போதே ஒரு பேராசிரியரின் லேபில் கோடை இரண்டு மாதமும் ஆய்வு செய்யலாம் என்பது நம் கல்லூரிகளில் பலருக்குத் தெரிவதே இல்லை. தெரிந்தவர்களும் ஏப்ரல் கடைசியில், செமஸ்டர் பரீட்சைக்கு நடுவே, "சார், இந்த சம்மர்ல ஏதாவது பிராஜெக்ட் இருக்கா" என்று வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் இருக்காது. எனவே இதைப் படிக்கும் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும். வேதியியல், விலங்கியல், தாவரவியல், சிவில், புவியியல் என்று எந்தத் துறையாக இருந்தாலும் சரி, சுற்றுச்சூழல் ஆய்வில் எல்லாத் துறைக்கும் வேலை இருக்கிறது.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்

கோடைக்கான வேலை முந்தின வருடம் தீபாவளி முடிந்ததுமே தொடங்கிவிடும். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் (பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ்) சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் கடைசி வாக்கில் முடிந்துவிடும். அதில் தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் லேபில் வேலை, ஸ்டைபெண்டும் உண்டு. நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு சிறு குறிப்பு எழுதித் தர வேண்டும், உங்களுக்குப் பாடம் நடத்திய ஒருவரின் பரிந்துரையும் வேண்டும். பரிந்துரை எழுதுகிற ஆசிரியரிடம் கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி போய் நிற்காதீர்கள், அவர் எழுதித் தருவார், ஆனால் அது எந்த மாணவருக்கும் பொருந்துகிற கடிதமாக இருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யும் தனியாக ஒரு கோடைக்கால ஃபெலோஷிப் நடத்துகிறது, அதற்கான அழைப்பு புத்தாண்டுக்குப் பிறகு வரும்.

இதெல்லாம் கிடைக்காவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உங்கள் கல்லூரியிலேயே பிஎச்.டி. முடித்துவிட்டு, லேப் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை செய்ய ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் ஒருவராவது இருப்பார். முதல் வாய்ப்புக்கு அவர்தான் நல்ல கைடு என்பது என் கருத்து. பெரிய நிறுவனத்தில் உங்களுக்கு ஒரு மேசையும் வழிகாட்ட ஒரு பிஎச்.டி. ஸ்காலரும் கிடைப்பார்கள், பேராசிரியரை இரண்டு மாதத்தில் மூன்று தடவை பார்த்தால் அதிகம். சொந்தக் கல்லூரி ஆசிரியரோ உங்களோடு ஏரிக்கரைக்கே வருவார். (மாணவர் களப்பணி என்று காட்ட நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) ஃபைலுக்கு இது தேவைப்படும் என்பதால் நிர்வாகமும் பெரும்பாலும் மறுக்காது. இதைப் பயன்படுத்திக்கொள்வதில் தப்பே இல்லை.)

கடிதம் எழுதுவது

வெளி நிறுவனத்துக்கு எழுதுவதானால், சென்னையிலேயே தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் என்று சில இடங்கள் உண்டு. பறவை, காடு என்றால் கோவை ஆனைகட்டியில் சாக்கான் என்கிற சலீம் அலி பறவையியல் மையம். கடல் என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். பக்கத்திலேயே புதுச்சேரியில் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு நிறுவனமும் இருக்கின்றன. நிறுவனத்துக்குப் பொதுவாக அனுப்பாமல் அங்கே யார் என்ன செய்கிறார் என்று பார்த்து ஒருவருக்கு எழுதுங்கள்.

ஒரே மெயிலை நாற்பது பேருக்கு அனுப்புவது வேலைக்கு ஆகாது. "ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்" என்று ஆரம்பித்தாலே தெரிந்துவிடும். அவர்கள் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, பத்து வரிக்குள் எழுதுங்கள். உள்ளடக்கம் கிட்டத்தட்ட இப்படி இருக்கட்டும்:

"மதிப்பிற்குரிய மேடம், நான் இன்ன கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. ஏரிகளில் பாஸ்பேட் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மாதிரியை மதகுக்குப் பக்கத்தில் மட்டும் எடுத்ததற்குக் காரணம் புரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ள ஆசை. மே 10 முதல் ஜூலை 5 வரை முழு நேரமும் வர முடியும். டைட்ரேஷன், கலரிமீட்டர் தெரியும். ஆர், க்யூஜிஐஎஸ் தெரியாது, கற்றுக்கொள்வேன். தங்குமிடம் நானே பார்த்துக்கொள்வேன்."

(ஆர் என்பது புள்ளிவிவர மென்பொருள், க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருள்.) இந்தக் கடிதத்தில் வேலை செய்வது தேதியும் "தெரியாது" என்கிற சொல்லும்தான். தேதி போட்டிருந்தால் இந்தப் பிள்ளை பரீட்சை அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறது என்று அவருக்குப் புரியும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் வேண்டாம். உள்ளூர் என்றால் எச்.ஓ.டி.யின் கடிதத்தோடு நேரிலேயே போய்விடலாம்.

பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஏஜென்சிகளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மறுபக்கம், ஸ்டைபெண்ட் உண்டா, பஸ் செலவு யாருடையது, கெமிக்கல் யார் வாங்குவது என்பதைக் கைடிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மாணவர் திட்டங்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் சிறு தொகை தருகிறது, அதையும் ஆசிரியரிடம் விசாரியுங்கள்.

கோடையில் என்ன கிடைக்குமோ அதைக் கேளுங்கள்

நான் பார்த்தவரை கோடை ஆய்வுகள் பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம் கேள்வியைப் பருவம் பார்க்காமல் தேர்ந்தெடுத்ததுதான். வேடந்தாங்கலில் பறவை எண்ணலாம் என்று மே மாதம் போனால் பெரும்பாலும் வெறும் மரம்தான் இருக்கும், அங்கே சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச் வாக்கில் வடியத் தொடங்கிவிடும். கடல் ஆமை முட்டையிடும் உச்சம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. கல்லூரிக் கேன்டீன் கழிவை எடை போடலாம் என்றால் கேன்டீனே மூடியிருக்கும், ஹாஸ்டல் மெஸ்ஸும் அப்படித்தான். நமக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவமழை, அது அக்டோபரில் வருகிறது, ஆகவே மே மாதத்தில் பல ஏரிகளில் தண்ணீர் மதகுப் பள்ளத்தில் மட்டும் கிடக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது, பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் இதே கோடைதான் சில கேள்விகளுக்கு வருடத்திலேயே நல்ல நேரம். கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் எவ்வளவு உப்பு என்று அளக்க மே, ஜூனை விட நல்ல மாதம் கிடையாது. கடற்கரையிலிருந்து உள்ளே போகப் போக மின்கடத்துத்திறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) எப்படி இறங்குகிறது என்று இருபது வீடுகளில் அனுமதி கேட்டு அளந்தால் அதுவே ஒரு முழு ஆய்வு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்த கதை பல பத்தாண்டுப் பழையது, படிக்க நிறையக் கட்டுரைகளும் உண்டு. அப்புறம் கழிவுநீர். மழைநீர் கலக்காத காலம் என்பதால் ஏரியிலோ கால்வாயிலோ வருவது பெரும்பாலும் சாக்கடைதான், எந்த வாய்க்கால் எவ்வளவு கொண்டுவருகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். பள்ளிக்கரணை மாதிரி 2022-இல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடங்களில் இந்த மாதிரி வேலைக்கு எப்போதும் தேவை இருக்கிறது, ஆனால் அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது.

வெயிலில் அலைய முடியாதவர்களுக்கும் வழி உண்டு. சென்னைக் குடிநீர் வாரியம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் தினசரி நீர்மட்டத்தை இணையதளத்தில் போடுகிறது. மணலி, வேளச்சேரி, ஆலந்தூர் காற்றுத்தரக் கருவிகளின் அளவீடுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கடல்காற்று மதியம் எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது, அன்று நுண்துகள் அளவு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது கத்திரி வெயிலுக்கென்றே அமைந்த கேள்வி. ஏரியின் பரப்பு சுருங்கியதை சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் அளக்கலாம், 10 மீட்டர் துல்லியம், 2015-லிருந்து கிடைக்கிறது, க்யூஜிஐஎஸ் இலவசம். ஒரு வருடத்து டிசம்பர் படத்தையும் இன்னொரு வருடத்து ஜூன் படத்தையும் ஒப்பிட்டுவிட்டு "ஏரி காணாமல் போனது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி சின்னதாக இருக்கட்டும். "சென்னை ஏரிகளின் மாசு" என்று தலைப்பு வைத்தால் இரண்டு மாதத்தில் தலைப்பு மட்டும்தான் மிஞ்சும். "இந்த ஏரியில் சாக்கடை விழும் முனைக்கும் உபரிநீர் வெளியேறும் கலிங்குக்கும் நடுவே ஆக்சிஜன் எவ்வளவு மாறுகிறது" என்றால் முடிக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டு வாரத்தில் முதல் இரண்டு வாரம் படிக்கவும் கருவி பழகவும் போகும், கடைசி இரண்டு எழுதப் போகும், நடுவில் நான்கு வாரம்தான் களம். வாரம் ஒருமுறை, ஐந்து இடம், இடத்துக்கு இரண்டு பாட்டில் என்றால் நாற்பது பாட்டில். அவ்வளவையும் நீங்களே டைட்ரேட் செய்ய வேண்டும்.

அனுமதி

ஏரி யாருடையது என்று விசாரியுங்கள். நீர்வளத்துறையா, ஊராட்சியா, வனத்துறையா என்பதைப் பொறுத்து யாரிடம் கடிதம் வாங்குவது என்பது மாறும். கல்லூரியிலிருந்து போனஃபைட் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலும் நோட்டுமாகக் கரையில் நிற்பவர்களைப் பார்த்தால் "அளக்க வந்துட்டாங்க" என்று ஊரில் சந்தேகம் வரும், ஆக்கிரமிப்பு எடுக்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நேராகப் போய் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. சொன்ன பிறகு அவர்களையே கேளுங்கள், முக்கியமாக மீன் பிடிப்பவர்களை. "எப்ப மீன் செத்து மிதக்கும்ணே" என்று கேட்டால், ராத்திரி மேகம் மூடி விடிஞ்சா மிதக்கும் என்றோ, கோடையில் முதல் மழை பெய்த மறுநாள் என்றோ சொல்வார். இரண்டுக்கும் காரணம் ஆக்சிஜன் குறைவுதான். நீங்கள் பாடத்தில் படித்ததை அவர் கரையில் நின்றே பார்த்திருக்கிறார்.

களத்தில்

காலை ஆறு மணிக்குக் கரையில் இருங்கள். வெயில் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் ஆக்சிஜன். பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும் ஏரியில் பகல் முழுக்க ஒளிச்சேர்க்கை நடந்து மதியம் இரண்டு மணிக்கு ஆக்சிஜன் எகிறிப்போயிருக்கும். 30 டிகிரி நீரில் இயல்பாகக் கரையக்கூடியது லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுதான் என்றாலும் அதையும் தாண்டி நிற்கும், பி.எச். கூட 9-ஐத் தொடும். அதே தண்ணீர் விடிவதற்குச் சற்று முன்னால் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும். முதல் இடத்தைக் காலை ஆறுக்கும் ஐந்தாவது இடத்தைப் பதினோரு மணிக்கும் அளந்தீர்களானால் இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் என்று நீங்கள் எழுதப்போவது கடிகாரத்தின் வித்தியாசமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரே நேரம், ஒரே இடம், முடிந்தவரை ஒரு மணி நேரத்துக்குள் எல்லா இடமும்.

ஆக்சிஜனை மீட்டரில் அளக்கலாம், ஆனால் முதல் தடவை விங்க்ளர் முறையில் கையால் செய்து பாருங்கள். 300 மில்லி பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) பாட்டிலை நீருக்குள் சாய்த்து, குமிழி இல்லாமல், வழிய வழிய நிரப்ப வேண்டும். மாங்கனஸ் சல்பேட் 2 மில்லி, அல்கலி அயோடைடு அசைடு 2 மில்லி, பிப்பெட்டின் முனை நீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடியைப் போட்டுத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்கினால் பழுப்பாக வீழ்படிவு இறங்கும். வெள்ளையாக இறங்கினால் அந்த நீரில் ஆக்சிஜனே இல்லை என்று அர்த்தம், சாக்கடை விழும் முனையில் இதைப் பார்க்கலாம். படிந்ததும் அடர் கந்தக அமிலம் 2 மில்லி விட்டால் வீழ்படிவு கரைந்து மஞ்சள் பழுப்பாகும். அமிலத்தைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஏரிக்கரையில் கழுவக் குழாய் இருக்காது என்பதால் ஒரு கேன் நல்ல தண்ணீர் தனியாக வேண்டும். இப்படி நிறுத்திவைத்த பாட்டிலை வெயில் படாமல் லேபுக்குக் கொண்டுவந்து அன்றைக்கே தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்யுங்கள். இளம் வைக்கோல் நிறம் வந்த பிறகுதான் ஸ்டார்ச், நீலம் மறைகிற சொட்டில் நிறுத்த வேண்டும். 200 மில்லி மாதிரிக்கு 0.025 நார்மல் கரைசல் என்றால் செலவான ஒரு மில்லிக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன், கணக்கே தேவையில்லை.

மற்ற மாதிரிகளுக்கு: பாட்டிலை அதே ஏரி நீரில் மூன்று தடவை அலசிவிட்டுப் பிடிக்கவும் (அமிலம் போட்டு வைத்த பாட்டிலையும், பாக்டீரியாவுக்கான ஸ்டெரைல் பாட்டிலையும் அலசக்கூடாது). மேலே மிதக்கும் பாசிப் படலத்தை விட்டு ஒரு அடி கீழே. பேர் எழுதுவது பாட்டில் உடம்பில், மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும். ஐஸ் பெட்டி. வாலை வடிநீரை ஒரு பாட்டிலில் ஊற்றி, களத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடி, மற்ற மாதிரிகளோடு சேர்த்தே அளந்தால் உங்கள் பாட்டிலும் கையும் சேர்த்த அழுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். மைக்ரோபிளாஸ்டிக் வேலைக்கு இது உயிர்நாடி, நீங்கள் போட்டிருக்கும் பாலியெஸ்டர் சட்டையின் நூலே மாதிரிக்குள் விழும். பி.எச். மீட்டரை ஒவ்வொரு காலையும் பஃபரில் சரிபார்க்கவும், மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசல்.

தனியாகப் போகாதீர்கள். மதகுப் பக்கம் சேறு இடுப்பு வரை இழுக்கும், ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் ஆழம் தெரியாது. காலில் காயம் இருந்தால் சாக்கடை கலந்த நீரில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். பூட்ஸ், தொப்பி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

நோட்டு

ஃபோனில் எழுதுவது வசதிதான், ஈரக்கையில் ஃபோன் ஏரிக்குள் போகும் வரை. பென்சிலும் கெட்டி அட்டை நோட்டும் போதும். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "மே 23, காலை 6.20, இடம் 3, மதகுக்குக் கிழக்கே, வேப்பமரத்தடி. நீர் வெப்பம் 28.5. பச்சை நிறம், நாற்றம் இல்லை. நேற்று ராத்திரி தூறல். கரையில் ஆறு மாடு, இரண்டு நீருக்குள். லாரி ஒன்று கழிவு கொட்டிவிட்டுப் போன தடம், புதியது." மாடும் லாரியும் எதற்கு என்று தோன்றும். ஜூலையில் மே 23-ஆம் தேதி மட்டும் அம்மோனியா ஏன் ஏறி நிற்கிறது என்று கைடு கேட்கும்போது இந்த இரண்டு வரிதான் பதில் சொல்லும். தப்பாக எழுதியதை ஒரே கோட்டில் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதவும், ஒயிட்னர் வேண்டாம். அன்று மாலையே எக்செலில் ஏற்றி, பக்கத்தைப் படம் எடுத்து டிரைவில் போட்டுவிடுங்கள்.

லேபில் யார் யார்

தினமும் உங்களுக்குச் சொல்லித்தரப் போவது பேராசிரியர் கிடையாது, ஸ்காலர் அக்காவோ அண்ணனோதான். அவர்களுக்குத் தீசிஸ் நெருக்கடி இருக்கும், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை அவர்கள் புக் செய்த நேரத்தில் நீங்கள் போய் நிற்காதீர்கள். லேப் அசிஸ்டன்ட் அண்ணனைப் பகைத்துக்கொள்ளவே கூடாது, எந்த பியூரெட் ஒழுகும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பயன்படுத்திய கண்ணாடிப் பொருளை அன்றைக்கே கழுவி வைத்தால் பாதி நல்ல பேர் வந்துவிடும்.

பேராசிரியருக்கு வெள்ளிக்கிழமைதோறும் அரைப்பக்கம் அனுப்புங்கள்: இந்த வாரம் செய்தது, கிடைத்த எண்கள், புரியாதது, அடுத்த வாரத் திட்டம். அவர் கேட்காவிட்டாலும் அனுப்புங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் சார் திட்டுவார் என்று மூன்று வாரம் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள். ரீஜென்ட் காலாவதியானது என்று இரண்டாம் வாரம் தெரிந்தால் திரும்பச் செய்யலாம், ஏழாம் வாரம் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு வாரம் போக முடியாமல் காய்ச்சல் வந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். முந்தின வாரத்துக்கும் பிந்தின வாரத்துக்கும் நடுவே ஒரு எண்ணை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற பழக்கம் பிராக்டிகல் ரெக்கார்டிலிருந்தே நமக்கு வந்தது. இங்கே அது வேண்டாம்.

எண்களை வைத்துக்கொண்டு

நான் அடிக்கடி பார்க்கும் ஒரு குழப்பம்: ஏரி நீரை அளந்துவிட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-ஓடு ஒப்பிட்டு எல்லாமே மோசம் என்று எழுதுவது. அந்த நீரை யாரும் அப்படியே குடிப்பதில்லையே. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை எதற்குப் பயன்படுகிறது என்பதை வைத்து ஏ முதல் இ வரை வகுத்திருக்கிறது, அதோடு ஒப்பிடுங்கள். குளிக்கத் தகுந்தது என்றால் ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, பி.ஓ.டி. 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மீனுக்கும் காட்டுயிருக்கும் ஆக்சிஜன் 4 வேண்டும். பாசனத்துக்கு மின்கடத்துத்திறன் 2250 மைக்ரோசீமன்ஸ் வரை. வீட்டுக் கிணற்றை அளந்தால் மட்டும் ஐ.எஸ். 10500: கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரை. பி.ஓ.டி. எடுக்கும்போது நம் நாட்டு முறை 27 டிகிரியில் மூன்று நாள், வெளிநாட்டுப் புத்தகத்தில் 20 டிகிரியில் ஐந்து நாள் என்று இருக்கும், எதைச் செய்தீர்கள் என்று எழுதியாக வேண்டும்.

சராசரியைப் போடுவதற்கு முன்னால் எல்லாப் புள்ளிகளையும் வரைந்து பாருங்கள். வித்தியாசம் எதுவும் தெரியவில்லையா, தெரியவில்லை என்றே எழுதுங்கள், அதுவும் முடிவுதான்.

முடிக்கும் வாரம்

அறிக்கையை முறைகள் பகுதியிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபம், கை ஓட ஆரம்பிக்கும். முன்னுரை கடைசியில். கட்டுரையாக வெளியிடுவதானால் யார் பெயர் எந்த வரிசையில் என்பதைக் கைடிடம் வெட்கப்படாமல் இப்போதே கேளுங்கள். ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், பணம் மட்டும் கட்டு என்று மெயில் அனுப்பும் ஜர்னல்கள் பக்கம் போகாதீர்கள், பிற்பாடு மேற்படிப்புக்குப் போகும்போது அந்தப் பெயர் உங்களுக்குத்தான் சங்கடம்.

கிளம்பும் முன் ஒப்படைக்க வேண்டியவை: எக்செல் ஃபைல், அதில் ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன, அலகு என்ன என்று ஒரு தனித் தாள், நோட்டின் நகல், மிச்ச ரீஜென்ட்களின் பட்டியல் தேதியோடு. கிணற்று நீரை அளக்க விட்ட வீடுகளுக்கு அவர்கள் கிணற்றில் அளந்த எண்ணை மட்டும் ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், எண்ணோடு அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு வரியும். பரிந்துரைக் கடிதம் தேவைப்படும் என்றால், நீங்கள் செய்த வேலைகளை ஐந்தாறு வரியில் எழுதி ஜூலை முடிவதற்குள் கைடுக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த பிப்ரவரியில் கேட்கும்போது அவருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கும், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது இருக்காது.